லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை கிட்டலையா? கார்டு மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

"அண்ணே, வைஃபை கிட்டல. கடையில கொண்டு காட்டுனேன், கார்டு போச்சுன்னு சொல்லுதாவ."

மார்த்தாண்டத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ மாதத்தில் நாலைந்து தடவையாவது இப்படி போன் வரும். 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அவை வயதாகி விண்டோஸ் நகராமல் போனபோது, நாகர்கோவிலைச் சுற்றி நிறையப் பேருக்கு மின்ட், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தது நான்தான். போட்ட பாவத்துக்கு வைஃபை புகாரும் எனக்கே வருகிறது. வந்ததில் கார்டு உண்மையிலேயே செத்துப் போனவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் காசு செலவில்லாமல் சரியானவை.

கட்டளைகளைப் போனில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே, காதில் விழுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலைத் திறந்து ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். 'சூடோ' என்றால் எஸ், யு, டி, ஓ. எழுத்துகள் சேர்ந்து வந்தால் சேர்த்தே அடியுங்கள். நான் இடம் விட்ட இடத்தில் மட்டும் இடம் விடுங்கள்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒன்றே ஒன்று.

## முதலில் போன் கேபிளை எடுங்கள்

வைஃபை டிரைவரை, அதாவது கார்டை இயக்குகிற மென்பொருளை, இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். பாதிப் பேர் இங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒயர் போட்ட நெட் என்றே எடுத்துக்கொள்ளும்; தனி டிரைவர் எதுவும் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபைதான் கேபிள் வழியாக வரும், டேட்டா பேக் கரையாது.

டெதரிங் பொத்தானைத் தொடவே முடியவில்லை என்றால் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வகை. பஸ் ஸ்டாண்டில் வாங்குகிற கேபிள்களில் இது சகஜம். வேறு கேபிள் போடுங்கள்.

## அறிகுறி: வைஃபை என்ற பேச்சே இல்லை

மூலையில் சின்னம் இல்லை, செட்டிங்ஸில் வைஃபை அடாப்டரே கிடைக்கவில்லை என்று வருகிறது.

### விண்டோஸும் கூடவே இருக்கிறதா?

இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பாதி உறக்கத்தில் கிடக்கிறது, கார்டையும் கையில் பிடித்துக்கொண்டே. அப்புறம் லினக்ஸில் ஏறினால் கார்டு எழுந்திருக்காது.

சோதிப்பது சுலபம். விண்டோஸுக்குப் போய் ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்து, லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிட்டால் காரணம் இதுவே. விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அந்த டிக் சில சமயம் தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

### மின்சாரத்தை வடிய விடுங்கள்

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை உருவி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். பிறகு மாட்டி ஆன் செய்யுங்கள். பார்க்க மந்திரவாதம் மாதிரி இருக்கும். ஆனால் உறைந்துபோன கார்டு இதில் எழுந்து வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

### கார்டு இருப்பது லினக்ஸுக்குத் தெரிகிறதா?

எல்எஸ்பிசிஐ -என்என்கே

எல், எஸ், பி, சி, ஐ சேர்த்து, ஒரு இடம் விட்டு, சிறு கோடு, என், என், கே. நீளமாக ஓடும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்குகிற வரியைத் தேடுங்கள். ஈதர்நெட் கன்ட்ரோலர் என்பது ஒயர் நெட், அது வேண்டாம். இங்கே பாதை மூன்றாகப் பிரிகிறது.

வரி இருக்கிறது, கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' இல்லை. கார்டு நலமாக இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. சதுர அடைப்புக்குள் இருக்கிற எண்ணைப் பாருங்கள். 14இ4 என்று தொடங்கினால் பிராட்காம், 10இசி ரியல்டெக், 8086 இன்டெல், 168சி ஆத்தரோஸ், 14சி3 மீடியாடெக்.

பிராட்காம் என்றால், குறிப்பாக பிசிஎம்43142 என்றால், தலையில் கை வைக்க வேண்டாம். போன் நெட்டைப் போட்டுக்கொண்டு, மின்ட்டில் டிரைவர் மேனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் திறந்தால் பிராட்காம் டிரைவர் காத்துக்கொண்டிருக்கும். தேர்ந்தெடுத்து, போட்டு, ரீஸ்டார்ட். அவ்வளவுதான்.

புது லேப்டாப், ரியல்டெக் அல்லது மீடியாடெக் கார்டு, போட்டது பழைய லினக்ஸ் பதிப்பு என்றால், அதன் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) இந்தக் கார்டு பிறந்ததே தெரியாது. ரியல்டெக் 8821சிஇ 5.9 கெர்னலிலும், மீடியாடெக் 7921 5.12-லும், ரியல்டெக் 8852பிஇ 6.2-லும்தான் உள்ளே வந்தன. 'யுநேம் -ஆர்' அடித்தால் உங்கள் கெர்னல் எண் தெரியும். மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவிலேயே லினக்ஸ் கெர்னல்கள் என்று இருக்கிறது, புதியதைப் போடலாம். இணையத்தில் எவரோ எழுதி வைத்த டிரைவரை இறக்கிக் கம்பைல் செய்ய உட்காராதீர்கள். அடுத்த அப்டேட்டில் மறுபடி எனக்குத்தான் போன் வரும்.

டிரைவர் இருக்கிறது, ஆனாலும் வைஃபை இல்லை. பெரும்பாலும் ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சின்ன மென்பொருள், இல்லாததுதான். 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' அடித்து வருவதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஃபெயில்டு என்று இருக்கிறதா பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இது முன்பு அன்றாடக் கதை; 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவும்போதே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. பழைய டெபியனில் இருப்பவர்கள் கார்டுக்கு ஏற்ற ஃபர்ம்வேர் பொதியை (பேக்கேஜை) தனியாகப் போட வேண்டும். உபுண்டு, மின்ட்டில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற ஒரே பொதி. அது சில நூறு எம்பி வரும், போன் டேட்டாவில் இறக்கும் முன் பேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியே இல்லை. பயாஸுக்குள், அதாவது லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கிற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், போய் வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பழைய லேப்டாப் என்றால் பயாஸை அதன் பழைய நிலைக்குத் திருப்பியும் பார்க்கலாம். அதிலும் வரவில்லை என்றால் கீழ் மூடியைத் திறக்கிற வேலை. கார்டு ஸ்லாட்டில் தளர்ந்திருக்கலாம். அந்தக் கதை 'ரூட்டர் பக்கத்தில் போனால்தான் கிடைக்கிறது' என்ற பகுதியில் வருகிறது.

### டிரைவர் போட்டும் ஏறவில்லை: நீலத் திரையை ஞாபகப்படுத்துங்கள்

போனில் நான் தவறாமல் கேட்கிற கேள்வி: "டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிச்சா? ரீஸ்டார்ட் ஆனப்போ நீலமா ஒரு திரை வந்துச்சா?" பதில்: "வந்துச்சு அண்ணே, பயந்து போயி எதையோ அமுக்கிட்டேன்."

செக்யூர் பூட் (அனுமதி இல்லாத மென்பொருளை ஏற விடாத பயாஸ் காவல்) ஆன் ஆக இருக்கிற லேப்டாப்பில் வெளி டிரைவரைப் போட்டால் அடுத்த தடவை ஆன் ஆகும்போது அந்த நீலத் திரை வரும். பத்து விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஏதாவது சாவியைத் தட்டி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ், அப்புறம் நீங்கள் வைத்த பாஸ்வேர்டு. விட்டுவிட்டால் டிரைவர் வட்டில் இருக்கும், ஆனால் ஏறாது.

விட்டவர்களுக்கு இரண்டு வழி. டிரைவரை நீக்கி மறுபடி போட்டால் பெரும்பாலும் பாஸ்வேர்டு கேள்வி திரும்ப வரும். இல்லையென்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம். ஆனால் அதே லேப்டாப்பில் விண்டோஸும் பிட்லாக்கர் பூட்டோடு இருந்தால், அணைத்த பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லாமல் பயாஸில் கை வைக்காதீர்கள். வைஃபைக்கு வழி தேடப் போய் கோப்பெல்லாம் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

## அறிகுறி: வைஃபை இருக்கிறது, ஆன் ஆக மாட்டேன் என்கிறது

ஆர்எஃப்கில் லிஸ்ட்

ஆர், எஃப், கே, ஐ, எல், எல், இடம், எல், ஐ, எஸ், டி. வயர்லெஸ் என்ற பகுதியின் கீழ் இரண்டு வரி வரும்.

சாஃப்ட் பிளாக்டு யெஸ் என்றால் யாரோ மென்பொருளில் அணைத்திருக்கிறார்கள். குழந்தைகள் விமானப் படம் போட்ட சாவியைத் தட்டினாலே போதும். 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' அடித்தால் திறந்துகொள்ளும்.

ஹார்ட் பிளாக்டு யெஸ் என்றால் கட்டளை பலிக்காது. பழைய டெல் லாட்டிட்யூட், திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் உண்டு. பையில் போடும்போது நகர்ந்துவிடும். எச்பியில் எஃப்12 சாவியில் ஒரு குட்டி விளக்கு இருக்கும்: ஆரஞ்சாக எரிந்தால் அணைந்திருக்கிறது, வெள்ளை என்றால் ஆன்.

லெனோவா ஐடியாபேட் வைத்திருப்பவர்கள், சுவிட்சே இல்லாத லேப்டாப்பில் ஹார்ட் பிளாக்டு என்று காட்டினால் தேடித் தேடிக் களைக்காதீர்கள். ஐடியாபேட் அடிக்கோடு லேப்டாப் என்ற கெர்னல் பகுதி இல்லாத சுவிட்சை இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. 'சூடோ மாட்ப்ரோப் -ஆர் ஐடியாபேட்_லேப்டாப்' அடித்து அதை இறக்கிப் பாருங்கள். மாட்ப்ரோப் என்றால் எம், ஓ, டி, பி, ஆர், ஓ, பி, இ. வைஃபை உயிர் பெற்றால், /இடிசி/மாட்ப்ரோப்.டி/ அடைவில் கான்ஃப் என்று முடிகிற ஒரு கோப்பை உண்டாக்கி, 'பிளாக்லிஸ்ட் ஐடியாபேட்_லேப்டாப்' என்று ஒரே வரி எழுதி வையுங்கள். கெர்னலைப் புதுப்பித்தாலே இது போய்விடுவதும் உண்டு.

## அறிகுறி: நேற்று வரை கிடைத்தது, அப்டேட் போட்டதும் போனது

ஆன் ஆகும்போது எஸ்கேப் சாவியைத் தட்டுங்கள். பழைய பயாஸ் லேப்டாப் என்றால் ஷிஃப்டைப் பிடியுங்கள். எதில் ஏற வேண்டும் என்று கேட்கிற க்ரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏறுங்கள். அதில் வைஃபை கிடைத்தால் கார்டை நினைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

பிராட்காம் மாதிரி வெளி டிரைவர் என்றால், புதுக் கெர்னலுக்கான ஹெட்டர் பொதி (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) வராததால் டிரைவர் கட்டப்படாமல் நின்றிருக்கும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்தால் எந்தக் கெர்னலுக்கு டிரைவர் இருக்கிறது என்று சொல்லும். ஹெட்டரைப் போட்டு டிரைவரை மறுபடி நிறுவினால் சரி. கெர்னலுக்குள்ளேயே இருக்கிற டிரைவர் என்றால் அடுத்த அப்டேட் வரும்வரை பழைய கெர்னலிலேயே ஓட்டுங்கள். யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

## அறிகுறி: அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் தெரிகிறது, நம் வீட்டுடையது மட்டும் இல்லை

ஃபைபர் புதிதாக மாட்டிய வீடுகளில் வருகிற புகார். போனில் தெரியும், லேப்டாப்பில் தெரியாது.

ஐடபிள்யூ லிஸ்ட்

ஐ, டபிள்யூ, இடம், லிஸ்ட். வருவதில் 5180 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் உங்கள் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கிறது. ரூட்டரில் உங்கள் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறது. ரூட்டரின் அமைப்பில் 2.4-ஐ ஆன் செய்தால் தீர்ந்தது. பழைய இலவச லேப்டாப் எதிலும் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

எண் இருக்கிறது, ஆனாலும் தெரியவில்லை என்றால் ரூட்டர் 2.4-இல் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு. அமெரிக்க விதிப்படி ஓடுகிற கார்டு அந்த இரண்டையும் கண்டுகொள்ளாது. ரூட்டரில் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். லேப்டாப்பில் நாட்டை மாற்ற 'சூடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்'. கடைசி இரண்டு எழுத்து மட்டும் பெரிய எழுத்து.

## அறிகுறி: ரூட்டர் பக்கத்தில் போனால்தான் கிடைக்கிறது

இந்தப் புகாருக்குத்தான் அநியாயமாகக் கார்டு மாற்றுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் அளந்துகொள்ளுங்கள். 'ஐடபிள்யூ டெவ்' அடித்தால் இன்டர்ஃபேஸ் என்பதற்குப் பக்கத்தில் ஒரு பெயர் வரும், டபிள்யூஎல் என்று தொடங்கும். அதை வைத்து 'ஐடபிள்யூ டெவ் அந்தப்பெயர் லிங்க்' அடியுங்கள். சிக்னல் என்று கழித்தல் குறியோடு ஒரு எண் வரும். -50 அருமை, -65 போதும், -80 என்றால் இழுபறி. ரூட்டருக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கேயும் -70, -75 என்று காட்டினால் வீட்டுச் சுவர் மேல் பழி போட முடியாது, லேப்டாப்பில்தான் கோளாறு. பக்கத்தில் -40, அடுத்த அறையில் -80 என்றால் சுவர். நம் ஊர்ப் பழைய வீடுகளின் கருங்கல் சுவருக்கு எந்தக் கார்டும் பதில் சொல்லாது. ரூட்டரை இடம் மாற்றுங்கள். குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் ரூட்டர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. திருடு போகாமல் இருக்கவாம்.

### எச்பி லேப்டாப், ரியல்டெக் 8723பிஇ

போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் தக்கலையிலிருந்து லேப்டாப்போடு வந்தான். கடையில் போர்டு பழுது என்று சொல்லி ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார்கள். மேசையில் ரூட்டர் பக்கத்தில் வைத்தேன்: -78. விண்டோஸில் நன்றாகக் கிடைக்கும் என்றான். அதைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. இந்தக் கார்டில் இரண்டு ஆன்டெனா முனை உண்டு. எச்பியில் பல மாடல்களில் ஒரே ஒரு ஒயர்தான் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். லினக்ஸ் டிரைவர் ஒயர் இல்லாத முனையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"நீயே அடி மக்கா," என்று கீபோர்டை அவனிடம் தள்ளினேன்.

சூடோ மாட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ

சூடோ மாட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2

ஆன்ட் என்றால் ஏ, என், டி (டீக்கடை டி), அடிக்கோடு, எஸ், இ, எல், சமக்குறி, இரண்டு. அடித்துப் பத்து விநாடி. சின்னம் ஒரு கோட்டிலிருந்து நாலு கோட்டுக்கு ஏறியது: -43. பையன் என்னைப் பார்த்தான், லேப்டாப்பைப் பார்த்தான், "கடையில இதுக்குப் போர்டு மாத்தணும்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

2 பலிக்கவில்லை என்றால் 1 போட்டுப் பாருங்கள். எது பலிக்கிறதோ அதை நிலையாக்க, /இடிசி/மாட்ப்ரோப்.டி/ அடைவில் கான்ஃப் என்று முடிகிற கோப்பில் 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2' என்று ஒரு வரி எழுதிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

### விண்டோஸிலும் அதே கதி என்றால் மூடியைத் திறக்க வேண்டும்

கை நடுங்காதவர்கள் செய்யலாம். அணைத்து, சார்ஜரை உருவி, மூடியைக் கழற்றியதும் பேட்டரி இணைப்பை முதலில் பிரியுங்கள். வைஃபை கார்டு தீப்பெட்டியை விடச் சின்னது; கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய ஒயர்கள் அதில் வந்து முடியும். முனை பட்டன் மாதிரி மேலிருந்து அமுக்கி மாட்டுவது. ஃபேன் சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது முழுதாக உட்கார்ந்திருக்காது. நகத்தால் மெல்ல நேராக அமுக்கினால் சின்னதாக ஒரு 'டிக்' விரலுக்குத் தெரியும். சாய்த்து அமுக்கினால் முனை நசுங்கிவிடும், அப்புறம் ஒயரையே மாற்ற வேண்டும்.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. முட்டத்திலிருந்து வந்த ஒரு லேப்டாப்பில் திருகாணிகளே துருப்பிடித்துத் திரும்ப மறுத்தன. ஜன்னலோரம், கடல் காற்று நேராக அடிக்கிற இடத்தில் வருஷக்கணக்கில் இருந்தது. கார்டைக் கழற்றிப் பார்த்தால், ஸ்லாட்டுக்குள் போகிற தங்க நிறப் பற்களில் பச்சை பூத்திருந்தது. பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு மாட்டினேன். எல்எஸ்பிசிஐ-யில் மாதக்கணக்கில் காணாமல் இருந்த வரி திரும்ப வந்தது. ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி வந்தார்கள், மறுபடி ரப்பர். மேசையை ஜன்னலிலிருந்து நகர்த்தச் சொன்னேன், கேட்கவில்லை. அந்தக் காற்றை விட்டு நகர யாருக்குத்தான் மனசு வரும்?

ஆன்டெனா ஒயர் மூடியின் கீல் வழியாகத் திரைக்குப் பின்னால் போகிறது. கீல் உடைந்து ஒட்டுப் போட்ட லேப்டாப் என்றால் ஒயர் அங்கே அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். திரையை ஒரு கோணத்தில் வைத்தால் கிடைக்கிறது, நகர்த்தினால் போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இது கடை வேலை. திரையைப் பிரித்தெடுக்க வேண்டும்.

## அறிகுறி: கிடைக்கிறது, நடுவில் அறுந்து அறுந்து போகிறது

மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். 'சூடோ ஐடபிள்யூ டெவ் அந்தப்பெயர் செட் பவர்_சேவ் ஆஃப்'. ஒரு மணி நேரம் வேலை செய்து பார்த்து, அறுபடாமல் இருந்தால் நிலையாக்குங்கள். உபுண்டு, மின்ட்டில் /இடிசி/ அடைவில் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி; அங்கே வைஃபை-பவர்சேவ் என்று பெயரில் வருகிற கோப்பு ஒன்று இருக்கும். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் குறையும், வேறு ஒன்றும் ஆகாது.

ப்ளூடூத் ஹெட்செட் போட்டால் மட்டும் வேகம் விழுகிறதா? கார்டு ஒன்றே, ஆன்டெனாவும் ஒன்றே, இரண்டும் 2.4-இல். வைஃபையை 5-க்கு மாற்றுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி 3-இல் செருகினால் மட்டும் அறுகிறது என்றாலும் மருந்து அதுவே. யுஎஸ்பி 3-இன் இரைச்சல் 2.4-இல் போய் விழும்.

மூடி வைத்துத் திறந்தால் மட்டும் போகிறது என்றால், எல்எஸ்பிசிஐ-யில் பார்த்த டிரைவர் பெயரை வைத்து மாட்ப்ரோப் -ஆர் போட்டு இறக்கி, மாட்ப்ரோப் போட்டு ஏற்றுங்கள். ரீஸ்டார்ட் செய்கிற நேரம் மிச்சம்.

## அறிகுறி: இணைந்திருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை

'பிங் 8.8.8.8' அடியுங்கள். பதில் வரவில்லை என்றால் ரூட்டரையோ லைனையோ பாருங்கள், ஐப்பசி இடிமழைக் காலத்தில் முக்கியமாக. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் சோதித்தால் தெரிந்துவிடும்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றுகிற சேவை, காரணம். வைஃபை அமைப்பில் ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ்ஸைத் தானாக எடுப்பதை மட்டும் அணைத்து 8.8.8.8 என்று கொடுங்கள்.

இரண்டுக்கும் பதில் வருகிறது, ஆனால் பிரவுசர் மட்டும் எல்லாத் தளத்தையும் ஆபத்து என்கிறதா? மூலையில் தேதியைப் பாருங்கள். தோவாளையில் பூ வியாபாரம் செய்கிற ஒருவர், விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தையில் கணக்குப் பார்க்கிற லேப்டாப்பை எடுத்து வந்தார். தேதி பல வருஷம் பின்னால் நின்றது. உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது, நேரத்தைத் தானாகத் திருத்துகிற வசதியும் அணைந்திருந்தது. 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' போட்டதும் ஒரு நிமிஷத்தில் சரி. பேட்டரியும் மாற்றினோம். விண்டோஸுக்குப் போய் வந்தால் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகுகிறது என்றால் அது வேறு; இரண்டும் கடிகாரத்தை வேறு வேறு மாதிரி படிக்கின்றன. வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## அறிகுறி: பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது

சேமித்த இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். அப்படியும் கேட்டால், ரூட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கார்டுகளுக்கு அது பேசத் தெரியாது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றுங்கள்.

## இதற்கு மேல் கடைக்குப் போகலாம்

ரப்பர் போட்டுத் துடைத்தும், விண்டோஸிலும், யுஎஸ்பியிலிருந்து ஏற்றிய வேறு லினக்ஸிலும் கார்டு தெரியவே இல்லை. கீல் ஒயர் அறுந்துவிட்டது. மூடியைத் திறந்தால் தண்ணீர் போன தடம் தெரிகிறது. இந்த மூன்றுக்கும் நீங்களாகச் செய்ய ஒன்றுமில்லை.

கார்டு மாற்றுவது என்று முடிவானால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்லாட் பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸா, எம்.2-வா? லேப்டாப்பில் ஏஎம்டி பிராசசர் என்றால் இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வாங்கிவிடாதீர்கள், பொருந்தும், ஓடாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்றால் ஓடும். பழைய திங்க்பேட், எச்பி என்றால் அந்த பயாஸ் வேறு கார்டை அனுமதிக்கிறதா? திங்க்பேடில் 1802 என்று பிழை காட்டி அப்படியே நின்றுவிடும். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை வாங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப்புக்கு அவ்வளவு வேண்டாம் என்றால் சில நூறு ரூபாயில் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் போதும். செருகியதும் வைஃபை வராமல், சிடி டிரைவ் ஒன்று புதிதாக வந்து நிற்கிறதா? டாங்கிள் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்துக்கொண்டு சிடி வேஷம் போடுகிற வகை அது. ஃபைல் மேனேஜரில் அந்த சிடியின் மேல் வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள். பெரும்பாலும் அடுத்த சில விநாடிகளில் வைஃபையாக மாறிவிடும். மாறவில்லை என்றால் யுஎஸ்பி-மோடுஸ்விட்ச் என்ற பொதியைப் போட்டுவிட்டு, டாங்கிளை உருவி மறுபடி செருகுங்கள்.